உங்கள் போர்டுக்குச் சொந்த கெர்னல் தேவையா?

இந்த முறை வந்த கடிதங்களில் ஐந்து, கெர்னலைச் சுற்றியே இருந்தன. கெர்னல் என்பது இயங்குதளத்தின் மையப் பகுதி, வன்பொருளுக்கும் நிரல்களுக்கும் நடுவில் நிற்பது. அதனால் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: ராஸ்பெர்ரி பை ஜீரோ என்ற சின்னக் கணினிப் போர்டில் தண்ணீர்த் தொட்டியின் மட்டத்தை அளக்கும் கருவி ஒன்று செய்திருக்கிறேன். பவர் போட்டால் முதல் அளவு வர 40 விநாடிக்கு மேல் ஆகிறது. தேவையில்லாத டிரைவர்களை, அதாவது ஒவ்வொரு வன்பொருளையும் இயக்கும் நிரல்களை, கழற்றிவிட்டு லினக்ஸ் கெர்னலை மூலநிரலிலிருந்து நானே கம்பைல் செய்தால் வேகமும் கூடும், மெமரியும் மிஞ்சும் என்கிறார் நண்பர். இறங்கலாமா?

பதில்: இறங்குவதற்கு முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. அந்த 40 விநாடி எங்கே போகிறது என்று உங்கள் கடிதத்தில் இல்லை. போர்டில் சிஸ்டம்டி-அனலைஸ் என்ற கட்டளையை அடித்துப் பாருங்கள். கெர்னலுக்கு இத்தனை விநாடி, அதற்குப் பிறகு எழுந்த சர்வீஸ்களுக்கு (பின்னணியில் ஓடும் நிரல்கள்) இத்தனை என்று ஒரே வரியில் பிரித்துக் காட்டும். கூடவே பிளேம் என்ற சொல்லைச் சேர்த்து அடித்தால் எந்த சர்வீஸ் எவ்வளவு நேரம் பிடித்தது என்று வரிசையாக வரும். என் கைக்கு வந்த போர்டுகளில் பெரும்பாலும் கெர்னல் சில விநாடிகளில் தன் வேலையை முடித்துவிடும். மீதி நேரம் நெட்வொர்க் கிடைக்கும்வரை காத்திருப்பதிலும், யாரும் கேட்காத புளூடூத் சர்வீஸ் எழுவதிலும், பைத்தான் நூலகங்களை மெமரி கார்டிலிருந்து படிப்பதிலும் கழியும். தொட்டியின் மட்டத்தை அளக்க நெட்வொர்க் எதற்கு? உங்கள் நிரலின் சர்வீஸ் கோப்பில் நெட்வொர்க் வரும்வரை காத்திரு என்ற நிபந்தனை இருந்தால் முதலில் அதை எடுங்கள். அளந்து வைத்துக்கொள்ளட்டும், இணைப்பு வந்ததும் அனுப்பட்டும்.

இன்னொரு நேரமும் இருக்கிறது. பை ஜீரோவில் பவர் வந்ததும் முதலில் எழுவது கிராபிக்ஸ் பகுதி. அது மெமரி கார்டிலிருந்து தன் ஃபர்ம்வேரை (சில்லைத் தொடக்கி வைக்கும் நிரல்) படித்து, அதன் பிறகுதான் கெர்னலை ஏற்றுகிறது. இந்த நேரம் சிஸ்டம்டி-அனலைஸ் கணக்கில் வராது. கெர்னலை எவ்வளவு இளைக்க வைத்தாலும் இது பெரிதாகக் குறையாது.

மெமரி விஷயத்தில் நண்பர் சொன்னது பரவலாக இருக்கும் ஒரு தவறான எண்ணம். பொது கெர்னலோடு வரும் ஆயிரக்கணக்கான டிரைவர்களில் பெரும்பாலானவை மாட்யூல்கள். தேவைப்படும்போதுதான் ராமுக்குள் வரும். இல்லையென்றால் கார்டில் கோப்பாகவே கிடக்கும். அவற்றை நீக்கினால் கார்டில் இடம் மிஞ்சும், ராமில் மிஞ்சாது. கெர்னலுக்குள்ளேயே சேர்த்துக் கட்டியவற்றைக் கழற்றினால் சில மெகாபைட் கிடைக்கும். உங்கள் போர்டில் இருப்பது 512 மெகாபைட். அந்தச் சில மெகாபைட்டுக்காக நீங்கள் என்ன சுமையை ஏற்கிறீர்கள் என்பதுதான் எனக்குக் கவலை.

ஏன் கவலை என்று சொல்கிறேன். 2015-ல் குளிர் அறைகளின் வெப்பநிலையைப் பதியும் கருவிகள் இருபத்திரண்டுக்கு நான் கெர்னல் கட்டிக் கொடுத்தேன். கெர்னலில் எது வேண்டும், எது வேண்டாம் என்று தேர்ந்தெடுக்கும் மெனுகான்ஃபிக் திரையில் மூன்று நாள் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் பார்த்து, வேண்டாததை எல்லாம் எடுத்தேன். பூட் நேரம் மூன்று விநாடி குறைந்தது. மறு ஆண்டு அக்டோபரில் டர்ட்டி கவ் என்ற ஓட்டை வெளியே வந்தது. சாதாரணப் பயனர் உரிமை உள்ள ஒருவர் முழு நிர்வாக உரிமையைப் பிடிக்க வழிசெய்த ஓட்டை அது. 2007-லிருந்தே கெர்னலுக்குள் இருந்திருக்கிறது. பொது கெர்னல் வைத்திருந்தவர்கள் ஒரு அப்டேட் கட்டளையோடு தப்பித்தார்கள். என் இருபத்திரண்டு கருவிகளுக்கு அப்டேட் தர உலகத்தில் ஒரே ஆள்தான், நான். என் தேர்வுகள் எல்லாம் பதிந்த கான்ஃபிக் கோப்பு இருந்த மடிக்கணினியின் டிஸ்க் அதற்குள் போயிருந்தது. நல்லவேளையாக ஓடுகிற கெர்னலுக்குள்ளேயே கான்ஃபிக்கைப் பதித்து வைக்கும் வசதியை நான் நீக்காமல் விட்டிருந்தேன். ஒரு கருவியிலிருந்து அதை எடுத்து, திருத்திய கெர்னலைக் கட்டி, ஒவ்வொரு அறையாகப் போய்க் கார்டை மாற்றினேன். கடைசிக் கருவியை முடிக்க ஐந்து வாரம் ஆனது. அடுத்த ஆண்டு வைஃபை குச்சி மாடல் மாறியபோது, நான் வேண்டாம் என்று எடுத்துப்போட்ட டிரைவரே தேவைப்பட்டது. மறுபடியும் அதே சுற்று.

அந்த மூன்று விநாடியை அங்கே யாரும் கேட்கவில்லை. குளிர் அறை ஆண்டுக்கு இரண்டு முறை பவர் போய் வரும் இடம்.

அப்படியானால் எப்போது செய்யலாம்? பொது கெர்னலால் முடியாத ஒரு வேலையை நீங்கள் பெயர் சொல்லிக் காட்ட முடியும்போது. உங்கள் சென்சாருக்கான டிரைவர் கெர்னலில் இருக்கிறது, ஆனால் நீங்கள் நிறுவிய லினக்ஸ் வினியோகத்தில் அதை அணைத்து வைத்திருக்கிறார்கள் என்றால் கட்டுங்கள். அந்த ஒரு மாட்யூலை மட்டும் தனியாகக் கம்பைல் செய்தால் போதுமா என்று அதற்கு முன் பாருங்கள், பல நேரம் போதும். மோட்டாரை மில்லிவிநாடிக்குள் நிறுத்த வேண்டும், தாமதம் ஒருமுறைகூட எல்லை தாண்டக் கூடாது என்றால் அது ரியல்டைம் வேலை. அதற்கான பிரீயம்ட் ஆர்டி ஏற்பாடு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வெளிப் பேட்சாகவே (மூலநிரலின் மேல் தனியாகப் போடும் திருத்தம்) இருந்துவிட்டு, 2024 நவம்பரில் வந்த 6.12 பதிப்பில்தான் மூலக் கெர்னலுக்குள் சேர்ந்தது. அதுவும் 64 பிட் ஆர்ம், எக்ஸ்86, ரிஸ்க்-வி குடும்பங்களுக்கு. உங்கள் பழைய பை ஜீரோவில் இருப்பது 32 பிட் ஆர்ம்வி6. அந்தப் பதிப்பில் அதற்குப் பேட்ச் போட்டுத்தான் ஆக வேண்டும். ஃபிளாஷ் நினைவகம் மிகச் சிறியது, பொது கெர்னல் அதற்குள் அடங்கவே இல்லை என்பதும் நியாயமான காரணம். உங்கள் தொட்டிக்கு இவற்றில் எதுவும் பொருந்துவதாக எனக்குத் தெரியவில்லை.

ஆனால் கற்றுக்கொள்வதற்கு என்றால் என்னிடம் கேட்கவே வேண்டாம். இன்னொரு கார்டு எடுத்துக்கொண்டு இன்றே ஆரம்பியுங்கள். தொட்டியில் மாட்டியிருக்கும் கார்டைத் தொடாதீர்கள், அவ்வளவுதான்.

கேள்வி: சிறிய நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். எங்கள் கருவியில் டிஸ்ப்ளே டிரைவருக்காகக் கெர்னலை நாங்களே கட்டுவது என்று முடிவாகிவிட்டது, பொறுப்பு என் தலையில். புதுக் கெர்னலைக் கார்டில் போட்டதும் போர்டு செத்ததுபோல் கிடக்கிறது. எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: உங்கள் போர்டு சாகவில்லை என்றுதான் நினைக்கிறேன். கெர்னல் இமேஜை மட்டும் நகல் எடுத்துவிட்டு, அதோடு கட்டிய மாட்யூல்களை லிப் மாட்யூல்ஸ் அடைவில் போட மறந்தால் இப்படித்தான் ஆகும். கெர்னல் எழுந்துவிடும். வைஃபை டிரைவர் மாட்யூலாக இருப்பதால் அது வராது. திரையும் இல்லை, நெட்வொர்க்கும் இல்லை. பார்ப்பவருக்குப் பிணம் மாதிரி தெரியும்.

அதனால் முதலில் சீரியல் கேபிள் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். போர்டின் யூஆர்ட் என்ற சீரியல் முனைகளில் மாட்டினால் கெர்னல் தன் முதல் வரியிலிருந்து சொல்வதை எல்லாம் படிக்கலாம். கேபிள் 3.3 வோல்ட் வகையா என்று இரண்டு முறை பாருங்கள். 5 வோல்ட் சிக்னல் பை போன்ற போர்டுகளின் முனைகளைக் கெடுத்துவிடும். டிஸ்ப்ளே வேலை என்றால் போர்டில் உள்ள வன்பொருளைக் கெர்னலுக்கு விவரிக்கும் டிவைஸ் ட்ரீ கோப்பையும் சேர்த்தே சந்தேகப்படுங்கள். டிரைவர் சரியாக இருந்து, எந்த முனையில் எந்தச் சில்லு இருக்கிறது என்ற விவரம் அதில் தப்பாக இருந்தால் டிரைவர் எழவே எழாது. பிழைச் செய்திகூட வராமல் போகலாம்.

கட்டும் கெர்னலுக்கு லோக்கல்வெர்ஷன் என்ற இடத்தில் உங்கள் பெயர்க்குறி ஒன்றைச் சேருங்கள். அப்போது புது மாட்யூல்கள் தனி அடைவுக்குப் போகும், பழையவற்றை மிதிக்காது. பழைய கெர்னலைக் கார்டிலிருந்து நீக்கவே நீக்காதீர்கள். கெர்னலை ஏற்றிவிடும் யூ-பூட் நிரலை வைத்திருந்தால், இத்தனை முறை எழ முயன்று தோற்றால் பழையதற்குத் திரும்பு என்று சொல்லிவைக்க அதில் வசதி இருக்கிறது. வெளியூரில் நிற்கப்போகும் கருவிக்கு அது இல்லாமல் அப்டேட் அனுப்பாதீர்கள்.

அப்புறம் நிறுவன விஷயம். கான்ஃபிக் கோப்பு, பேட்ச்கள், கம்பைலரின் பதிப்பு எல்லாம் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் (git) களஞ்சியத்தில் இருக்கட்டும். உங்கள் மேசைக் கணினியில் மட்டும் கம்பைல் ஆகிற கெர்னலை இன்னொருவரால் பராமரிக்க முடியாது. முழு சிஸ்டத்தையும் ஒரே முறையில் கட்டித் தரும் பில்ட்ரூட் அல்லது யாக்டோ இந்த வேலையை ஒழுங்காகச் செய்யும். நான்கு பேர் உள்ள இடத்துக்கு பில்ட்ரூட் எளிது, ஒரு வாரத்தில் கை வந்துவிடும். கெர்னலுக்கு நீண்டகால ஆதரவுள்ள கிளையையே எடுங்கள். அதில் வரும் திருத்தங்களை மாதத்துக்கு ஒருமுறையாவது சேர்த்துக் கட்டுவது யார் வேலை என்று இப்போதே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். லினக்ஸ் கெர்னல் ஜிபிஎல் உரிமத்தின் இரண்டாம் பதிப்பின் கீழ் வருவதால், கருவியை விற்கும்போது நீங்கள் மாற்றிய கெர்னலின் மூலநிரலை வாங்குபவர் கேட்டால் தரக் கடமை உண்டு. மேலாளரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: நான் பொறியியல் மாணவன். லினக்ஸ் எல்லாம் வேண்டாம், சின்ன போர்டு ஒன்றுக்கு அடியிலிருந்து சொந்தமாகக் கெர்னல் எழுத ஆசை. ஆசிரியர் வீண்வேலை என்கிறார். உங்கள் கருத்து?

பதில்: எழுதுங்கள் தம்பி. இந்தத் துறையில் எனக்குத் தெரிந்ததில் பாதியை அப்படி எழுதிப் பார்த்துத்தான் கற்றேன்.

264 கிலோபைட் ராம் உள்ள பை பிக்கோ போன்ற போர்டு போதும். போர்டே இல்லை என்றால் போர்டைக் கணினிக்குள்ளேயே போலி செய்து காட்டும் க்யூஎம்யூ எமுலேட்டரில் தொடங்கலாம், பிழை தேட அது இன்னும் வசதி. முதலில் யூஆர்ட்டில் ஒரே ஒரு எழுத்தை வரவையுங்கள். பிறகு டைமர் இன்டரப்ட், அதாவது குறித்த நேரத்துக்கு ஒருமுறை செயலியைத் தட்டும் சிக்னல். அதன் பிறகு இரண்டு டாஸ்க்குகள், ஒவ்வொன்றுக்கும் தனி ஸ்டாக், ஒன்றை நிறுத்தி இன்னொன்றை ஓட்டுவது. ரிஜிஸ்டர்களைச் சேமித்து மீட்கும் அந்த முப்பது நாற்பது வரி அசெம்பிளியில் ஒரு மாதம் சிக்கிக் கிடப்பீர்கள். ஒரு நாள் இரண்டு டாஸ்க்கும் மாறி மாறி எழுத்து அனுப்பும். அந்த இரவை நீங்கள் மறக்க மாட்டீர்கள்.

ஆனால் அந்தக் கெர்னலை அடுத்தவர் நம்பும் கருவியில் போடாதீர்கள். 1997 ஜூலை 4-ல் செவ்வாயில் இறங்கிய நாசாவின் பாத்ஃபைண்டர் விண்கலம், சில நாட்களில் தானாகத் தன்னை ரீசெட் செய்ய ஆரம்பித்தது. வானிலைத் தரவைக் கவனித்த முன்னுரிமை குறைந்த டாஸ்க் ஒன்று பொதுத் தரவை ஒரு நேரத்தில் ஒரு டாஸ்க் மட்டும் தொடவிடும் பூட்டைப் பிடித்திருந்தது. முன்னுரிமை மிகுந்த டாஸ்க் அந்தப் பூட்டுக்காகக் காத்திருந்தது. நடுவிலிருந்த டாஸ்க்குகள், பூட்டை வைத்திருந்ததை ஓடவிடாமல் தடுத்தன. வேலை நேரத்துக்கு முடியவில்லை என்று கண்டதும் கணினி தன்னையே ரீசெட் செய்தது. அதில் ஓடியது நன்கு தேறிய விஎக்ஸ்வொர்க்ஸ் என்ற ரியல்டைம் இயங்குதளம். அதிலேயே இதற்கு மருந்தும் இருந்தது, பூட்டை வைத்திருப்பவருக்குக் காத்திருப்பவரின் முன்னுரிமையைத் தற்காலிகமாகத் தருவது. அந்த வசதியை அணைத்து வைத்திருந்தார்கள். பூமியில் இருந்த நகல் கணினியில் கோளாறைத் திரும்ப வரவழைத்து, காரணம் பிடித்து, அதை இயக்கும் மாற்றத்தைச் செவ்வாய்க்கு அனுப்பினார்கள். உங்கள் கெர்னலில் அந்த மருந்தும் இருக்காது, என்ன நடந்தது என்று பதிவு செய்யும் வசதியும் இருக்காது.

எஸ்இஎல்4 என்ற கெர்னல் வெறும் 8,700 வரி சி நிரல். அது தன் வரையறைப்படியே நடக்கும் என்று 2009-ல் கணிதமாக நிரூபித்தார்கள். அந்த நிரூபணம் மட்டும் சுமார் இரண்டு லட்சம் வரி. ஒரு சிறிய கெர்னலை முழுதாக நம்புவதற்கு ஆகும் உழைப்பு அவ்வளவு. கருவிக்கு, சின்ன போர்டுகளுக்கான ஆயத்த ரியல்டைம் இயங்குதளங்களான ஃப்ரீஆர்டிஓஎஸ், ஜெஃபிர் இரண்டில் ஒன்றை எடுங்கள். உங்கள் கெர்னலை எழுதிய பிறகு அவற்றின் நிரலைத் திறந்து பாருங்கள், ஒவ்வொரு வரியும் ஏன் இருக்கிறது என்று புரியும். இந்த பதிலை உங்கள் ஆசிரியரிடமும் காட்டுங்கள்.

கேள்வி: ஆர்டுயினோ ஊனோவில் லினக்ஸ் ஓடுமா?

பதில்: ஆர்3 வரையான ஊனோ மைக்ரோகண்ட்ரோலர் போர்டில் ஓடாது. அதன் ராம் 2 கிலோபைட். விளக்கு, ரிலே, சென்சார் என்று இரண்டு மூன்று வேலைகளுக்குக் கெர்னலே வேண்டாம். ஒரே லூப்பில் நேரம் பார்த்துப் பார்த்துச் செய்தால் ஆயிற்று.

கேள்வி: நாங்கள் நிறுவும் 32 பிட் கருவிகள் இருபது ஆண்டு ஓட வேண்டும். 2038 சிக்கலுக்குப் புதுக் கெர்னல் போதுமா?

பதில்: கெர்னல் மட்டும் போதாது. நேரத்தை 1970-லிருந்து விநாடிகளாக 32 பிட்டில் எண்ணினால் 2038-ல் எண் நிரம்பிவிடும், அதுதான் சிக்கல். 2020-ல் வந்த 5.6 பதிப்பிலிருந்து 32 பிட் கெர்னல் 2038 ஜனவரி 19-ஐத் தாண்டி நேரம் எண்ணும். ஆனால் மேலே ஓடும் சி நூலகமும், உங்கள் நிரல்களும் 64 பிட் நேரத்தோடு கம்பைல் ஆகியிருக்க வேண்டும். லினக்ஸ் வினியோகமான டெபியன் 13 தன் 32 பிட் ஆர்ம் பதிப்பை அப்படி மாற்றிவிட்டது. உங்கள் நிறுவனம் எழுதிய நிரலில் நேரத்தை 32 பிட் முழு எண்ணாகக் கோப்பில் சேமித்திருந்தால் அதை நீங்கள்தான் திருத்த வேண்டும். ஒரு கருவியை மேசையில் வைத்து, நெட்வொர்க்கைக் கழற்றிவிட்டு, தேதியை 2038 ஜனவரி 18 ஆக மாற்றி, இரண்டு நாள் ஓடவிட்டு லாகைப் படியுங்கள். என்ன வந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.