'கணக்கு எனக்கு வராது' என்று சொல்லும் மகளை எப்படி ஊக்கப்படுத்துவது?

உங்கள் மகளுக்கு 11 வயது, 'கணக்கு எனக்கு வராது' என்கிறாள், கணிதம், அறிவியல் பக்கம் அவளை எப்படித் திருப்புவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். என் மகள் பின்னக் கணக்கில் மதிப்பெண் குறைந்து வந்து நின்றபோது, "விடும்மா, எனக்கும் கணக்கு வராதுதான்" என்றேன். ஆறுதலாகத்தான் சொன்னேன். அவளோ அதை மூக்கு, முழி மாதிரி என்னிடமிருந்து வந்த சொத்தாக எடுத்துக்கொண்டாள். இரண்டு வருடம் அதையே எனக்குத் திருப்பிச் சொன்னாள். அவள் தம்பி அதே மாதிரி வாங்கி வந்தபோது, "ஒழுங்காகப் படித்தால் வராதா?" என்று திட்டினேன். யோசித்துப் பார்த்தால், திட்டு வாங்கியவனுக்குத்தான் நல்ல சேதி போயிருக்கிறது.

இந்த எண்ணம் ரொம்பச் சின்ன வயதிலேயே ஒட்டிக்கொள்கிறது. 2017இல் 'சயின்ஸ்' இதழில் அமெரிக்கக் குழந்தைகளைப் பற்றி ஓர் ஆய்வு வந்தது. 'ரொம்ப ரொம்பப் புத்திசாலி' யார் என்று கேட்டதும் 5 வயதுப் பெண் குழந்தைகள், பையன்கள் அளவுக்கே, தங்கள் பாலினத்தைக் கைகாட்டினார்கள். 6 வயதுக்குள் அது குறைந்துவிட்டது. இத்தனைக்கும், நல்ல மதிப்பெண் வாங்குவது பெண்கள்தான் என்று அந்த வயதிலும் சொன்னார்கள். ஆக, மதிப்பெண்ணை மட்டும் ஏற்றினால் இது சரியாகிவிடாது.

மேரி கியூரி படத்தைச் சுவரில் ஒட்டுவதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. இரண்டு நோபல் வாங்கியவரைப் பார்த்தால், 'அவர் வேற ஆள்' என்றுதான் குழந்தைக்குத் தோன்றும். அதைவிட மரியம் மிர்சாகானியைப் பற்றிச் சொல்லுங்கள். கணிதத்துக்காக 1936 முதல் கொடுக்கப்படும் உயரிய விருதான ஃபீல்ட்ஸ் பதக்கத்தை 2014இல் வாங்கிய முதல் பெண், ஈரானில் பிறந்தவர். நடுநிலைப் பள்ளியில் ஒரு வருடம் அவர் கணிதத்தில் சறுக்கினார். ஆசிரியருக்கும் அவர் மேல் நம்பிக்கை இல்லை, அவருக்கும் ஆர்வம் போய்விட்டது. அடுத்த வருடம் வந்த ஆசிரியர் தட்டிக்கொடுத்ததும் மீண்டார். என் மகள் இதைக் கேட்டுவிட்டு முதலில் விசாரித்தது, "எவ்வளவு மார்க் வாங்கினாங்களாம்?"

வீட்டில் ஸ்க்ரூடிரைவர் யார் கைக்குப் போகிறது என்றும் கவனியுங்கள். எங்கள் வீட்டில் தானாகவே தம்பி கைக்குப் போய்க்கொண்டிருந்தது. இப்போது முறை வைத்திருக்கிறோம்.

அப்புறம், விடை தப்பானால் பென்சிலைப் பிடுங்கிச் சரியாகப் போட்டுக் காட்டாதீர்கள். எனக்கு இன்னும் கை பரபரக்கும். "எப்படிப் போட்டாய், சொல்லு" என்று மட்டும் கேட்கிறேன். போன வாரம் விளக்கிக்கொண்டே வந்தவள் பாதியில் நின்று, "இரு, இரு, சொல்லாதே" என்று தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.