ஓ.டி. பட்டியலும் முகதாட்சிணியமும்

கேள்வி: சிங்கப்பூரின் துவாஸ் வட்டாரத்தில் 12 ஊழியர்களுக்கு மேற்பார்வையாளராக அண்மையில் உயர்த்தப்பட்டேன். என் திருச்சபையைச் சேர்ந்த தம்பி ஒருவர், ஊரில் கடன் இருப்பதால் தமக்கு ஓ.டி. (மிகைநேர வேலை) கூடுதலாகப் போடும்படி கேட்டார். நானும் இரங்கிப் போட்டேன். இப்போது மற்றவர்கள் முணுமுணுக்கிறார்கள். அவரோ நன்றிக்காக ஒரு கைப்பேசியை வாங்கி வந்து நிற்கிறார். வேதம் இதற்கு என்ன வழி காட்டுகிறது?

பதில்: கொடுமைக்காரத் தலைவனைப் பற்றிக் கேட்பவர்களே அதிகம், இரக்கத்தால் தடுமாறியவர் கேட்பது அரிது என்பதால், சற்று விரிவாகவே சொல்கிறேன். லேவியராகமம் 19:15, நியாயம் தீர்க்கும் இடத்தில் பெரியவனுடைய முகத்துக்கு அஞ்சக்கூடாது என்பதோடு நிற்காமல், சிறியவனுக்கும் முகதாட்சிணியம், அதாவது பாரபட்சம், காட்டக்கூடாது என்கிறது. பெரியவனைப் பற்றியது யாருக்கும் எளிதில் விளங்கும். சிறியவனைப் பற்றியதுதான் உங்களுக்கானது. ஏழைக்கு இரங்க வேண்டாம் என்பதா இதன் பொருள்? அதே அதிகாரத்தின் 9, 10 வசனங்களைப் பாருங்கள்: வயலின் ஓரத்தை முற்றும் அறுக்காமலும், சிந்தினதைப் பொறுக்காமலும், எளியவனுக்கும் பரதேசிக்கும் (அந்நியனுக்கும்) விட்டுவிடச் சொல்கின்றன. அந்த ஓரம், விட்டுக்கொடுப்பவனுடைய சொந்த வயலின் ஓரம். ஓ.டி. பட்டியல் உங்கள் வயல் அன்று. அது 12 பேருடைய கூலி. தம்பிக்கு உதவ விரும்பினால் உங்கள் சம்பளத்திலிருந்து உதவுங்கள்.

கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பரிதானம் (லஞ்சம்) குருடாக்குவது ஞானிகளின் கண்களை என்று உபாகமம் 16:19 சொல்வதைக் கவனியுங்கள். நல்லவர்தான், நமக்கு ஒன்றும் ஆகாது என்று எண்ணுகிறவருக்கே அந்த எச்சரிக்கை. சிங்கப்பூரின் ஊழல் தடுப்புச் சட்டமும் தனியார் நிறுவன ஊழியர்களை விட்டுவைப்பதில்லை. வேலை தொடர்பான சலுகைக்குக் கைம்மாறாகப் பெறும் பொருள், அன்பளிப்பு என்ற பெயரில் வந்தாலும் சிக்கலாகலாம்.

அடுத்து, பட்டியலை முறைவைத்து எழுதி, எல்லாரும் பார்க்கும் இடத்தில் ஒட்டுங்கள். வேலை நியமனச் சட்டத்தின் வேலைநேர விதிகளுக்கு உட்பட்ட ஊழியருக்கு, விலக்குப் பெற்றிருந்தாலன்றி, மாதத்துக்கு 72 மணி நேரமே மிகைநேர வேலைக்கு வரம்பு. அடிப்படை மணிச் சம்பளத்தைப் போல் குறைந்தது ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டும். கடன்பட்டவர் எவ்வளவு கெஞ்சினாலும் இந்த வரம்பைத் தாண்டி எழுதாதீர்கள். களைத்த உடம்போடு இயந்திரத்தின் முன் நிற்பவருக்கு அது உதவியும் ஆகாது.

முணுமுணுப்பவர்களிடமும் தனித்தனியாகப் பேசுங்கள். முதலில் வழக்கைச் சொல்பவன் நியாயமாகவே தோன்றுவான், அயலான் வந்து சோதிக்கும்வரை என்பது நீதிமொழிகள் 18:17-இன் கருத்து. நீங்கள் இதுவரை ஒரு தரப்பை மட்டுமே கேட்டிருக்கிறீர்கள். மற்றவர்களில் யாருக்குக் கடன் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா?

இதையெல்லாம் செய்யுமுன், இஸ்ரவேலை நியாயம் விசாரித்த தீர்க்கதரிசி சாமுவேலைப் பற்றி ஒருமுறை படியுங்கள். முதிர்ந்த வயதில் மக்கள் முன் நின்று, யாருடைய எருதை எடுத்துக்கொண்டேன், யார் கையில் பரிதானம் வாங்கினேன் என்று கேட்கிறார் (1 சாமுவேல் 12:3); ஒருவரும் குறை சொல்லவில்லை. ஆனால் அவர் நியாயாதிபதிகளாக நியமித்த சொந்தக் குமாரர்களோ, பெயெர்செபாவில் பரிதானம் வாங்கினார்கள் (8:1-3). தம் கை சுத்தமாக இருந்தும், வேண்டியவர்களின் விஷயத்தில் அந்தப் பெரியவருக்கே பார்வை தவறிற்று என்றுதான் நான் வாசிக்கிறேன்.

தம்பியிடம் நீங்களே, புதிய பட்டியலை ஒட்டுவதற்கு முந்தின நாளே, நேரில் சொல்லிவிடுங்கள். சுவரில் பார்த்து அவர் தெரிந்துகொள்ள விடாதீர்கள்.