வாரம் ஒரு மணி நேரம் வரும் சிறப்பாசிரியரால் என் மகனுக்கு என்ன பயன்?

உங்கள் மகன் அரசுத் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்புப் படிக்கிறான். அறிவுசார் குறைபாடு 50 சதவீதம் என்று சான்று பெற்றிருக்கிறீர்கள். வட்டார வள மையத்திலிருந்து வரும் சிறப்பாசிரியர் வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம் மட்டுமே அவனுடன் இருக்கிறார். ஆகவே சிறப்புப் பள்ளிக்கு மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் வேறொரு மாவட்டத்தில் 12 ஆண்டுகளாக அதே பணியைச் செய்து வருகிறேன். ஒரு மணி நேரம் போதாது என்று நீங்கள் சொல்வது சரிதான். ஆனால் அதையே ஐந்து மணி நேரமாக்கினாலும், அவரும் உங்கள் மகனும் தனியே ஒரு மூலையில் உட்கார்ந்து படிப்பதாகவே அது இருந்தால், பெரிதாக எதுவும் மாறிவிடாது. இதை நான் ஒரு மாணவியிடமிருந்து கற்றுக்கொண்டேன்.

பணியில் சேர்ந்த இரண்டாம் ஆண்டு. அவள் இரண்டாம் வகுப்பு. வாரந்தோறும் பள்ளித் தாழ்வாரத்தில் பாய் விரித்து, புளியங்கொட்டைகளை வைத்து எண்ணப் பழக்கினேன். பொங்கல் விடுமுறைக்கு முன் ஐந்து வரை பிழையில்லாமல் எண்ணினாள். நானும் பதிவேட்டில் ‘அடைந்துவிட்டாள்’ என்று எழுதிவிட்டேன். அன்று மதியம் சத்துணவு அமைப்பாளர் அவளிடம், “உங்க வரிசைக்கு அஞ்சு தட்டு எடுத்துட்டு வாம்மா” என்றார். அவள் அடுக்கியிருந்த தட்டுகளை அப்படியே இரு கைகளாலும் அணைத்து, முகவாயை மேலே அழுத்திக்கொண்டு, முழு அடுக்கையும் தூக்கி வந்தாள். கற்றதை மறந்துவிட்டாள் என்றுதான் முதலில் நினைத்தேன். மறக்கவில்லை. அவளுக்குத் தெரிந்தது தாழ்வாரத்தில், என் எதிரில், புளியங்கொட்டையின் ஐந்து. தட்டின் ஐந்தை அவளுக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை.

அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைகளுக்குக் கற்பிப்பதில் மையமான சிக்கல் இதுவே. மற்றக் குழந்தைகள் ஓரிடத்தில் கற்றதை வேறிடத்துக்குத் தாமாகவே எடுத்துச் செல்கிறார்கள். இக்குழந்தைகளுக்கோ அப்படி எடுத்துச் செல்வதையும் ஒரு பாடமாகவே, பல இடங்களில், பல கைகளால், பல பொருள்களைக் கொண்டு கற்றுத்தர வேண்டியிருக்கிறது. வாரம் ஒருமுறை வருகிற ஒருவரால் அதைத் தனியே செய்ய முடியாது. தினமும் வந்தாலும் முடியாது. அதன்பின் நான் முறையை மாற்றிக்கொண்டேன். அவளுடன் இருக்கும் நேரத்தைப் பாதியாகக் குறைத்து, மீதி நேரத்தில் வகுப்பாசிரியருடனும் அவளுடைய அம்மாவுடனும் பேசினேன். தட்டு எடுத்து வருவது அவளுடைய அன்றாட வேலையாயிற்று. வகுப்பில் சுண்ணக்கட்டி, வீட்டில் சின்ன வெங்காயம், சனிக்கிழமை கடையில் ஐந்து முட்டை என்று ஒரே எண்ணை எல்லோரும் பிடித்துக்கொண்டோம். இரண்டு மாதங்கள் கழித்து ஒரு நாள், ஐந்து தட்டுகளுடன் வந்தவள் வரிசையைப் பார்த்தாள். ஒரு பையன் அன்று வரவில்லை. ஒரு தட்டைத் திரும்பக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள். அதை யாரும் அவளிடம் சொல்லவில்லை.

ஆகவே உங்கள் பள்ளிக்கு வரும் சிறப்பாசிரியரிடம் நீங்கள் கேட்க வேண்டியது, கூடுதலாக எத்தனை மணி நேரம் தருவார் என்பதையல்ல. அவர் வராத நாள்களில் வகுப்பாசிரியரும் நீங்களும் என்ன செய்ய வேண்டும் என்பதைக் கேளுங்கள். அவரிடம் உங்கள் மகனுக்கென்று ஒரு தனிநபர் கல்வித் திட்டம் இருக்கும். அதைக் காட்டச் சொல்லிக் கேட்கத் தயங்க வேண்டாம். ‘எண்களை அறிதல்’, ‘சுயசேவைத் திறன்’ என்று பொதுவாக எழுதியிருந்தால், அடுத்த மூன்று மாதங்களில் எந்த வேலையை, யார் உதவியும் இல்லாமல், எங்கெங்கே செய்வான் என்று எழுதித் தரும்படி கேளுங்கள். நல்ல சிறப்பாசிரியர் அக்கேள்வியைக் குறையாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

வீட்டில் செய்வதற்கு ஒன்றைச் சொல்கிறேன். சட்டைப் பொத்தான் போடுவதை எடுத்துக்கொள்ளுங்கள். நம் வழக்கம் முதலிலிருந்து தொடங்குவது. குழந்தை முதல் படியிலேயே திணறும், பள்ளிக்கு நேரமாகிறது என்று நாமே போட்டு முடிப்போம், அவனுக்கு எஞ்சுவது தோற்றுப்போன நினைவு மட்டுமே. இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். பொத்தானைத் துளைக்குள் பாதி நுழைத்துவிட்டு, மறுபக்கத்தில் எட்டிப் பார்க்கும் விளிம்பைப் பிடித்து இழுப்பதை மட்டும் அவனிடம் விடுங்கள். அது கைவந்ததும், நுழைப்பதையும் அவனிடம் விடுங்கள். அதன்பின் துளையைத் தேடிப் பிடிப்பதை. ஒவ்வொரு முறையும் வேலையை முடித்தவன் அவனாகவே இருப்பான். உதவியையும் இப்படியே படிப்படியாக விலக்க வேண்டும்: முதலில் கையைப் பிடித்துச் செய்வித்தல், பிறகு மணிக்கட்டைத் தொடுதல், பிறகு விரலால் சுட்டுதல், கடைசியில் ஒரு சொல். பெரிய பொத்தான் வைத்த சட்டையை மடியில் போட்டுப் பழகுவது, உடுத்திக்கொண்டு பழகுவதைவிட எளிது.

சான்றிலுள்ள 50 சதவீதத்தைப் ‘பாதி மூளைதான் வேலை செய்கிறது’ என்று புரிந்துகொண்டு அழுத தாய்மார்களைப் பார்த்திருக்கிறேன். அதற்கு அப்படியொரு பொருளே இல்லை. லேசான அளவிலான அறிவுசார் குறைபாட்டையே 50 சதவீதம் என்று மதிப்பிடுகிறார்கள். உதவிகளுக்கும் ஒதுக்கீட்டுக்கும் தகுதியை வரையறுப்பது அந்த எண்ணின் வேலை. உங்கள் மகன் எதைக் கற்பான், எதைக் கற்க மாட்டான் என்று அது சொல்வதில்லை.

பள்ளியை மாற்றுவது உங்கள் உரிமை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாடுள்ள 6 முதல் 18 வயது வரையிலான குழந்தைக்கு, அருகமைப் பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ, விரும்பிய இடத்தில் இலவசமாகக் கற்கும் உரிமையைத் தருகிறது. நாள்தோறும் பேச்சுப் பயிற்சியும் இயன்முறைச் சிகிச்சையும் தேவைப்படும் குழந்தைக்கும், தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் குழந்தைக்கும் நல்ல சிறப்புப் பள்ளியே பொருத்தமாக இருக்கலாம். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் உங்கள் மகன் நடக்கிறான், பேசுகிறான், தோழர்களுடன் விளையாடுகிறான். அவனைப் போன்றவனுக்கு வகுப்புத் தோழர்களே பெரிய பயிற்சி. வரிசையில் நிற்பதையும், தன் முறைக்குக் காத்திருப்பதையும், வம்புக்கு வந்தவனிடம் ‘போடா’ என்று சொல்வதையும் என்னால் தாழ்வாரத்தில் கற்பிக்க முடியாது. மேலும் 2022-23 கல்வியாண்டில் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் தொடக்க வகுப்புக் குழந்தைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிந்தே கற்பதால், அவன் அரும்பு நிலையில் இருந்தபடியே தன் வகுப்பில் இருக்க முடியும். தனியே பிரித்து உட்கார வைப்பதை மட்டும் அனுமதிக்காதீர்கள்.

இன்னொன்றிலும் கவனமாக இருங்கள். கல்வி உரிமைச் சட்டத்தில் 2012இல் செய்யப்பட்ட திருத்தம், பல்வகைக் குறைபாடோ கடுமையான குறைபாடோ உள்ள குழந்தைக்கு வீட்டிலிருந்தே கற்கும் வழியைத் திறந்துவிட்டது. படுக்கையை விட்டு எழ முடியாத குழந்தைகளுக்கு அது அவசியமானது. ஆனால் பள்ளிக்கு வந்து போகக்கூடிய குழந்தையின் பெற்றோரிடமும், “வீட்லயே வச்சு சொல்லிக் கொடுக்கலாமே” என்று சிலர் கனிவாகச் சொல்வதுண்டு. உங்களிடம் யாராவது அப்படிச் சொன்னால், சம்மதித்துக் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஆள் பற்றாக்குறை உண்மையானது, அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. தொடக்க நிலையில் 10 குழந்தைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேற்பட்ட வகுப்புகளில் 15 குழந்தைகளுக்கு ஒருவர் என்று உச்ச நீதிமன்றம் 2021இல் கூறியது. என் பொறுப்பில் இருக்கும் குழந்தைகள் அதைவிடப் பல மடங்கு. தொகுப்பூதியத்தில், பள்ளி பள்ளியாக, சொந்த வண்டியில் போகிறோம். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோர் இதைத் தீர்மானமாகக் கொண்டுவந்தால், நாங்கள் சொல்வதைவிட அதற்குக் கனம் கூடுதல்.

அவர் அடுத்து வரும் நாளைத் தலைமையாசிரியரிடம் கேட்டுவைத்துக்கொண்டு, அன்று அரை மணி நேரம் பள்ளிக்குப் போய் வாருங்கள். ஒரு நோட்டும் எடுத்துப் போங்கள். உங்கள் மகன் வீட்டில் தானாகச் செய்கிற வேலைகளை, தண்ணீர் மொண்டு வைப்பது உட்பட, முன்னதாகவே அதில் எழுதிவையுங்கள். பள்ளியில் அவனைப் பார்க்கும் எங்களுக்கு அந்தப் பட்டியல் பெரும்பாலும் தெரிந்திருக்காது.