கிராபிக்ஸ், இமேஜ் பிராசஸிங்கில் பிஎச்டி செய்ய நெல்லையை விட்டுப் போக வேண்டுமா?

எம்எஸ்சி கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்துவிட்டுப் பாளையங்கோட்டையில் இருக்கிறேன், கணினியே படத்தை உருவாக்கும் கிராபிக்ஸ், எடுத்த படத்தை அலசித் திருத்தும் இமேஜ் பிராசஸிங் இரண்டில் ஒன்றில் பிஎச்டி செய்ய வெளியூர் போகத்தான் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இமேஜ் பிராசஸிங் என்றால் வேண்டாம், கிராபிக்ஸ் என்றால் அநேகமாக வேண்டும்.

அபிஷேகப்பட்டியில் நம் சுந்தரனார் பல்கலையிலேயே இமேஜ் பிராசஸிங்குக்கு கைடு கிடைப்பார். ஆனால் தலைப்பில் உஷாராக இருங்கள். மூளைக்கட்டி எம்ஆர்ஐ, இலை நோய் என்று எல்லாரும் இறக்கிக்கொள்ளும் அதே படத் தொகுப்பை எடுத்து, படத்தை அடையாளம் காணும் நியூரல் நெட்வொர்க்கை மட்டும் மாற்றி, துல்லியம் அரை சதவீதம் ஏறிவிட்டது என்று தீசிஸ் எழுதுகிறவர்கள் ஏராளம். பட்டம் கிடைக்கும், அதற்கு மேல் ஒன்றும் கிடைக்காது.

கிராபிக்ஸ் ஆட்கள் இந்தியாவிலேயே குறைவு. ஹைதராபாத் ட்ரிபிள் ஐடியின் சிவிஐடி ஆய்வகம், மும்பை, டெல்லி ஐஐடிகள் இவற்றிலிருந்து தேட ஆரம்பிக்கலாம். வேலை பார்க்கப் போவது அங்கே என்றாலும் ஆய்வுக்கான பிரச்சினை நம் ஊரிலேயே கிடக்கிறது. கிருஷ்ணாபுரம் கோயில் வீரபத்திரர் சிலையை அனுமதி வாங்கி நாங்கள் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்து, பல படங்களை ஒப்பிட்டு வடிவத்தைக் கணக்கிடும் ஃபோட்டோகிராமெட்ரி மென்பொருளில் போட்டு முப்பரிமாண மாடல் எடுத்துப் பார்த்தோம். உடை மடிப்பு, நகை எல்லாம் அழகாக வந்தது, வழவழவென்று இருக்கிற முழங்காலும் மூக்கும் மட்டும் பள்ளம் பள்ளமாக வந்தது. கல்லில் விழும் பளபளப்பு கேமரா நகர நகரத் தானும் நகரும், அதனால் இரண்டு படங்களில் ஒரே புள்ளி எது என்று மென்பொருளுக்குப் பிடிபடாது. படங்களிலிருந்து முப்பரிமாணக் காட்சியை உருவாக்கும் புது முறைகளான 2020இல் வந்த நெர்ஃப், 2023இல் வந்த காஸியன் ஸ்பிளாட்டிங் இரண்டும் பார்க்கும் கோணத்துக்கேற்ப நிறம் மாறுவதைக் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன, படம் அசல் மாதிரியே தெரியும். ஆனால் அதே சிலையை வேறு வெளிச்சத்தில் காட்டு என்றால் கல்லின் நிறம் எது, விளக்கின் ஒளி எது என்று பிரித்தாக வேண்டும், அது இன்னும் முழுதாகத் தீராத வேலை. தாராளமாக ஒரு பிஎச்டிக்குத் தாங்கும்!

இமேஜ் பிராசஸிங்தான் வேண்டும் என்றால் ஓலைச்சுவடி இருக்கிறது. பூச்சி அரித்த ஓட்டையையும் மங்கிப்போன எழுத்தையும் பிரித்தறிய படத்தைக் கறுப்பு, வெள்ளை என்று இரண்டாகப் பிரிக்கும் ஓட்சுவின் 1979ஆம் ஆண்டு முறையை அப்படியே போட்டால் பாதி எழுத்து காணாமல் போகும்.

சரி, பணம். யுஜிசி நெட் எழுதி ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை வாங்கினால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000, வீட்டு வாடகைப்படி தனி. 2024 ஜூனிலிருந்து நெட் மதிப்பெண்ணே பிஎச்டி சேர்க்கைக்கும் செல்லும் என்பதால் அதை முதலில் முடியுங்கள், ஐஐடி பக்கம் போவதாக இருந்தால் கேட் (GATE) தேர்வையும் எழுதிவிடுங்கள். சம்பளம் இல்லாமல் முழுநேரமாகச் சேர நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

அப்புறம் பேராசிரியர்களுக்கு மெயில். உங்கள் துறையில் ஆர்வமுள்ளேன் என்று ஒரே மெயிலை நூறு பேருக்கு அனுப்பாதீர்கள், யாரும் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள். அவருடைய கட்டுரை ஒன்றைப் படித்து, நீங்களே சி பிளஸ் பிளஸில் ஒளிக்கதிர்களின் பாதையைக் கணக்கிட்டுப் படம் வரையும் ஒரு சின்ன ரே டிரேசர் எழுதி, அது வரைந்த படத்தையும் புரோகிராம் கோடையும் (code) சேர்த்து நாலு வரியில் அனுப்புங்கள். லீனியர் அல்ஜீப்ரா மறந்திருந்தால் ரே டிரேசருக்கு முன்னால் அதைத் தூசி தட்டுங்கள்.