துணிக்கு ஆகாது, தண்ணீருக்கு ஆகும்

கேள்வி: சாயப்பட்டறையில் பிராசஸ் பார்க்கிறேனுங்க. பயோ வாஷுக்கு, அதான் துணிமேல இருக்கற பஞ்சுப் பிசிறை எடுக்கறதுக்கு, ஊத்துற என்சைம் ஒரே பாத்தோட (ஒரு தொட்டித் தண்ணியோட) ஈ.டி.பி.க்கு, கழிவுத் தண்ணி சுத்தம் பண்ற எடத்துக்குப் போயிருது. காலேஜ் படிக்கிற என்ற பையன், "அதை மணியில ஒட்டவெச்சா திரும்பத் திரும்ப ஓட்டலாம், சூட்டுக்கும் சீக்கிரம் சாகாது"ங்கறான். நெசமுங்களா?
– வாசகர், வீரபாண்டி, திருப்பூர்

பதில்: பையன் சொல்வது நெசந்தாங்க. ஆனால் பயோ வாஷுக்கு அது உதவாது. அதில் ஊற்றுகிற செல்லுலேஸ் என்சைம் கடிக்க வேண்டியது துணிமேல் துருத்திக்கொண்டிருக்கிற பஞ்சு இழையை. அதைக் கொண்டுபோய் மணிக்குள் கட்டிப்போட்டால் துணியை எப்படித் தொடும்? தண்ணீரில் கரைந்து, தானாக மணியைத் தேடி வருகிற சரக்குக்குத்தான் இந்த வித்தை.

அப்படி ஒன்று உங்கள் பட்டறையிலேயே இருக்கிறது. பெராக்சைடு பிளீச் முடிந்ததும், சாயம் கெடக்கூடாது என்று கில்லர் ஊற்றுகிறீர்களே, அதில் பெரும்பாலும் இருப்பது கேட்டலேஸ் என்சைம்தான், மிச்சப் பெராக்சைடைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் உடைத்துவிடும். இந்தக் கேட்டலேஸை அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) மணிகளில் பிணைத்து ஒரு குழாயில் நிரப்பி, பிளீச் தண்ணீரை அதன் வழியே விட்டு, அதே தண்ணீரைச் சாயத்துக்கு எடுக்கப் பார்த்த ஆய்வுகள் உண்டு. 2011-இல் கோர்ட் உத்தரவால் பட்டறைகளைப் பூட்டிய ஊருக்கு, ஒரு பாத் தண்ணீர் மிச்சம் என்றால் என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சூட்டுக்கு ஏன் தாங்குகிறது? என்சைம் என்பது மடிந்து சுருண்ட புரத இழை. சூடு ஏறினால் மடிப்பு பிரிந்துவிடும், அதோடு வேலையும் நின்றுவிடும். காற்றுக் காலத்தில் வாழைக்கு முட்டுக் கொடுக்கிறோமே, அந்த மாதிரி நாலைந்து இடத்தில் மணியோடு பிணைத்தால் சுலபத்தில் பிரியாது. கட்டு தப்பான பக்கம் விழுந்தால் வேலை செய்கிற வாயே அடைபடும், அதனால் ஒட்டும்போதே கொஞ்சம் வீரியம் போகத்தான் செய்யும். இது ஒன்றும் புதுசில்லை, கரியில் ஒட்டிய இன்வெர்டேஸ் என்கிற, சர்க்கரையை உடைக்கும் என்சைம் அப்படியே வேலை செய்வதை 1916-லேயே பார்த்துவிட்டார்கள், 1969-இல் ஜப்பானில் அமினோ அமிலம் தயாரிக்க ஃபேக்டரி அளவில் ஓட்டியும் காட்டினார்கள்.

பையன் லேபில் சோடியம் ஆல்ஜினேட்டைக் கால்சியம் குளோரைடில் சொட்டுவிட்டுச் செய்கிற வழுவழு மணியைப் பட்டறைக்குத் தூக்கிவந்தால் மட்டும் தடுத்துவிடுங்கள். தண்ணீரின் கடினத்தைப் போக்க நீங்கள் போடுகிற சீக்வெஸ்டரிங் ஏஜென்ட் கால்சியத்தை உருவிவிடும், மணி கரைந்து கூழாகும். கரையாமல் தப்பினாலும் உள்ளே கிளம்புகிற ஆக்சிஜன் குமிழியே அதைக் கிழிக்கும். அப்புறம், பிளீச் பாத் கொதிக்கக் கொதிக்க, பி.எச். 10, 11-இல் இருக்கும். ஆற வைக்காமல், காரத்தைத் தணிக்காமல் விட்டால் எந்த முட்டும் தாங்காது.

என்னைக் கேட்டால், சின்னப் பட்டறைக்கு இப்போதைக்கு கேனில் வருகிற கில்லரே போதும். பையனை அலுமினா பக்கம் திருப்பிவிடுங்கள்.

கேள்வி: சுகர் பார்க்கும் ஸ்ட்ரிப்பிலும் என்சைம் ஒட்டியிருக்கிறதாமே? ஒன்றைத் திரும்பப் பயன்படுத்தலாமா?
– வாசகி, பெருந்துறை

பதில்: இருக்கிறதுங்க, ஆனால் கூடாது. உலர்த்தி வைத்த என்சைமும் கூடவே இருக்கிற ரசாயனமும் ஒரு சொட்டு ரத்தத்துக்குத்தான். ஈரம் பட்டாலே அளவு தப்பும், அதனால் எடுத்தவுடன் டப்பா மூடியை இறுக்கி மூடிவிடுங்கள். அடுப்பு மேடையில் வைக்காதீர்கள்.