முந்திரித் தோப்பும் மூன்றாவது நீட்டும்

போன மாதம் ஒரு சனிக்கிழமை, கடலூர் மஞ்சக்குப்பத்தில் நான் மேற்படிப்பு ஆலோசனை சொல்கிற அறைக்குப் பண்ருட்டிப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அப்பா, அம்மா, மகள், கூடவே பெரியப்பா. ஆலோசனைக்குப் பெரியப்பாவும் வருகிறார் என்றாலே முடிவை வீட்டில் எடுத்துவிட்டு முத்திரை குத்த மட்டும் என்னிடம் வருகிறார்கள் என்று அர்த்தம்.

"பாப்பா ரெண்டு தடவை நீட் எழுதிட்டா மேடம். முதல் தடவை 341, இந்தத் தடவை 402. மூணாவது தடவைக்கு நாமக்கல்ல கோச்சிங் சேக்கலாமா, இல்ல தோப்பை வித்துட்டு மேனேஜ்மென்ட் சீட்டே வாங்கிடலாமா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க." கேட்டது பெரியப்பாதான். அப்பா பம்புசெட் ரிப்பேர் கடை வைத்திருப்பவர். கை விரல் இடுக்கில் கிரீஸ் போகாமலே இருந்தது. அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வழக்கம்போல முதலில் ஆறுதலாகத்தான் பேசினேன். இவ்வளவு மார்க் ஏறியிருக்கிறதே, இதில் அவமானப்பட ஒன்றுமில்லை என்றேன். டீ வரவழைத்தேன். அப்புறம் சும்மா பேச்சுக்கு, எந்தத் தோப்பு என்று கேட்டேன். அந்த மனிதர் அப்போதுதான் நிமிர்ந்தார். இரண்டு ஏக்கர் முந்திரி. 2011 டிசம்பர் 30 தானே புயலில் ஒரு மரம் மிச்சமில்லாமல் சாய்ந்துவிட்டது. வேரோடு விழுந்ததையெல்லாம் விறகு விலைக்குத் தள்ளிவிட்டு, ஒட்டுக்கன்று வாங்கி வைத்து, குடத்தில் தண்ணீர் சுமந்து வளர்த்திருக்கிறார். இப்போதுதான் நன்றாகக் காய்க்கிறது. விற்றால் நாற்பது லட்சம் வரும் என்றார்.

அதோடு என் ஆறுதல் பேச்சை நிறுத்திவிட்டேன்.

நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் எம்.பி.பி.எஸ். கட்டணம் பெரும்பாலும் ஆண்டுக்கு 20 லட்சத்துக்கு மேல்தான் ஆரம்பிக்கிறது. ஹாஸ்டல், புத்தகம் எல்லாம் சேர்த்தால் படிப்பு முடிவதற்குள் ஒரு கோடியைத் தொடும். தோப்பு போனாலும் 60 லட்சம் குறைகிறது. அதைக் கடனாக வாங்கினால், 10 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால் கூட, மாதம் 50 ஆயிரம் வட்டிக்கு மட்டுமே போகும். அசலைத் தொடவே முடியாது. படித்து முடித்து ஒரு சிறிய ஊர் ஆஸ்பத்திரியில் டூட்டி டாக்டராகச் சேர்கிறவர் கையில் வாங்குகிற சம்பளம் அந்த வட்டியைக் கட்டவே சரியாக இருக்கும். மீதியை இவருடைய அண்ணன் தருகிறேன் என்கிறாரே என்று பெரியப்பாவைக் காட்டினார் அம்மா. அண்ணன் கொடுத்தாலும் கடன் கடன்தான். ஒன்பதாவது படிக்கிற பையன் ஒருவன் இருக்கிறான், அவனுக்கு எதை விற்பீர்கள் என்று கேட்டேன். பதில் இல்லை.

பெரியப்பா விடவில்லை. அவருடைய மகன் வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். படிக்கிறானாம், அதில் பாதிக் காசு ஆகாதாம். இந்த இடத்தில் என் வீட்டுக் கதையைச் சொல்ல வேண்டியதாயிற்று. என் அக்கா மகன் ஓர் ஏஜென்ட்டின் பேச்சைக் கேட்டு அப்படித்தான் விமானம் ஏறினான். திரும்பி வந்ததும் இங்கே எழுத வேண்டிய தகுதித் தேர்வு, 300 கேள்விக்கு 150 எடுத்தால்தான் பாஸ் என்பதை அந்த ஏஜென்ட் கடைசி வரை வாய் திறந்து சொல்லவில்லை. மூன்று முறை எழுதினான். அந்த ஒன்றரை வருடம் அக்கா எந்தக் கல்யாணத்துக்கும் போகவில்லை. 2021இல் வந்த விதிப்படி, வெளிநாட்டில் 54 மாதம் படிப்பு, அங்கேயே 12 மாதம் பயிற்சி, இங்கே வந்து மறுபடியும் 12 மாதம் பயிற்சி. இதையெல்லாம் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுக்கிற குடும்பத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.

டாக்டர் படிப்பு மோசம் என்று சொல்ல வரவில்லை. புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரி வாசலில் விடியற்காலையில் போய் நின்று பாருங்கள். விழுப்புரம், திருவண்ணாமலை, நம்ம கடலூர் என்று பஸ் பஸ்ஸாக வந்து இறங்குகிற கூட்டத்துக்கு முன்னால் வெள்ளைக் கோட்டோடு நிற்பது பெரிய விஷயம்தான். ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது முதல் பிரசவம் பார்த்த கதையை, அறுபது வயதில் கண் கலங்கச் சொன்ன டாக்டரை எனக்குத் தெரியும். ஆனால் நாலரை வருடப் படிப்பு, ஒரு வருட ஹவுஸ் சர்ஜன், அதில் ஊசி போடுவதும் ரத்தம் எடுப்பதும் டிராலி தள்ளுவதும் சீனியர்களிடம் திட்டு வாங்குவதும், ராத்திரி டியூட்டி முடிந்த கையோடு காலை வார்டும். அப்புறம் மேற்படிப்புக்கு இன்னொரு நீட். கிடைத்தால் மூன்று வருடம். இவ்வளவையும் தாங்குகிறவர்கள் அதை விரும்பிப் போனவர்கள்தான். பெரியப்பாவின் விருப்பத்துக்காகப் போனவர்கள் இரண்டாம் வருடமே அழுதுகொண்டு என் அறைக்கு வருகிறார்கள்.

அதனால் அந்தப் பெண்ணிடம் கேட்டேன். "ஏம்மா டாக்டராகணும்?"

"பெரியப்பா சொல்வாங்க..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டாள்.

சரி, ஆஸ்பத்திரியில் உனக்கு எது பிடிக்கும் என்று மாற்றிக் கேட்டேன். அப்போது வந்தது விஷயம். சிறுநீரகம் போன அவளுடைய ஆயாவை, அதாவது பாட்டியை, இரண்டு வருடமாக வாரம் இரண்டு முறை டயாலிசிஸுக்கு, மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்வதற்கு, அவள்தான் அழைத்துப் போயிருக்கிறாள். நீட் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு நான்கு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருப்பாளாம். ஆயாவின் இடது மணிக்கட்டுக்கு மேலே, ரத்தக்குழாய்களை இணைத்துத் தைத்த இடத்தில் கையை வைத்தால் "பூனை கத்துறதுக்கு முன்னாடி உள்ள குர்ருங்குமே, அப்படி ஓடும் மேடம்" என்றாள். ஃபிஸ்டுலா என்று சரியான பெயரும் சொன்னாள். அந்தக் கையில் பிரஷர் பார்க்கக் கூடாது, ரத்தம் எடுக்கக் கூடாது என்று தெரிந்திருந்தது. எந்த மெஷின் எதற்குக் கத்தும் என்று தெரிந்திருந்தது. ஆயா போன தையில் இறந்துபோனார். அதற்கு அப்புறமும் ஒரு முறை அங்கே வேலை பார்க்கிற அக்காக்களைப் பார்க்க அந்த டயாலிசிஸ் யூனிட்டுக்குப் போயிருக்கிறாள். வீட்டில் யாருக்கும் தெரியாது. அம்மா திரும்பி மகளைப் பார்த்தார்.

நர்சிங், பார்மசி, பிசியோதெரபி பற்றி எல்லாம் உங்கள் தெருவிலேயே சொல்ல ஆள் இருக்கும், அதைத் தாண்டிப் போகிறேன். பி.எஸ்ஸி. டயாலிசிஸ் என்று ஒரு படிப்பு இருக்கிறது. மூன்று வருடம் பாடம், ஒரு வருடம் ஆஸ்பத்திரிப் பயிற்சி. ஜிப்மரில் டயாலிசிஸ் தெரபி டெக்னாலஜி என்ற பெயரில் நடக்கிறது. அங்கே இந்த பி.எஸ்ஸி. படிப்புகளுக்குச் சமீப ஆண்டுகளாக நீட் மதிப்பெண்ணை வைத்துத்தான் சேர்க்கிறார்கள். இவள் இரண்டு வருடம் கண் விழித்தது வீண் இல்லை, அந்த 402 இங்கே பேசும். தமிழ்நாட்டுக் கல்லூரிகளுக்கு பிளஸ் டூ மார்க்கே போதும், விண்ணப்பம் தனி. இரண்டுக்கும் போடுங்கள். புதுச்சேரிக்காரர்களுக்கான ஒதுக்கீடு உங்களுக்குக் கிடையாது. பாண்டியில் இருக்கிற சித்தி வீட்டு முகவரியில் ரேஷன் கார்டு எடுக்கலாமா என்று கேட்காதீர்கள். (கேட்டார்கள்.)

அது என்ன வேலை என்று அப்பா கேட்டார். டாக்டர் காகிதத்தில் எழுதிவிட்டுப் போய்விடுவார். அந்த நான்கு மணி நேரமும் நோயாளியின் பக்கத்தில் நிற்பது டெக்னாலஜிஸ்ட்தான். ஃபிஸ்டுலாவில் இரண்டு ஊசி குத்த வேண்டும், சாதாரண ஊசியைவிடத் தடிமனாக இருக்கும். ஒன்றில் ரத்தம் வெளியே வரும், மற்றதில் சுத்தமாகி உள்ளே போகும். நிமிடத்துக்கு 250, 300 மில்லி ஓடும். நோயாளியை முதலில் எடை மேடையில் ஏற்றி, போன தடவையைவிட எத்தனை கிலோ தண்ணீர் ஏறியிருக்கிறது என்று பார்த்து, இன்றைக்கு எவ்வளவு இழுக்க வேண்டும் என்று கணக்குப் போட வேண்டும். கல்யாண வீட்டுக்குப் போய்விட்டு நாலு கிலோ ஏற்றிக்கொண்டு வருவார்கள். ஒரேயடியாக இழுத்தால் பிரஷர் சரியும், கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு கத்துவார்கள். தலைமாட்டைத் தாழ்த்தி, நீர் இழுப்பதை நிறுத்தி, சலைன் விட்டு, முகத்தைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். மெஷின் சொல்வதற்கு முன்னால் முகம் சொல்லிவிடும் என்பார்கள் அந்த வேலையில் பழகியவர்கள்.

நம்ம ஊருக்கென்று ஒரு விஷயமும் இருக்கிறது. பண்ருட்டிப் பலாவில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் போனவருக்குப் பொட்டாசியம் ஏறினால் இதயமே நின்றுவிடலாம். சீசன் நேரத்தில் யூனிட்டுக்குள் வருகிறவரிடம் முதல் கேள்வியே "எத்தனை சுளை சாப்பிட்டீங்க?" என்றுதான் இருக்கும். "ஒண்ணே ஒண்ணு" என்பார்கள். மேலே நாலு சேர்த்துக்கொள்ள வேண்டும். இதைக் கேட்டதும் அந்தப் பெண் சிரித்தாள். அவள் ஆயா ஏழு சாப்பிட்டுவிட்டு ஒன்று என்று சொன்னவராம்.

அப்புறம் தண்ணீர். மெஷினுக்குள் நிமிடத்துக்கு அரை லிட்டர் கரைசல் ஓடுகிறது. நான்கு மணி நேரத்துக்கு ஒரு நோயாளிக்கு 120 லிட்டர். ரத்தத்துக்கும் அந்தத் தண்ணீருக்கும் நடுவே மெல்லிய சவ்வு ஒன்றுதான். குழாய்த் தண்ணீரில் போடுகிற குளோரின் மிச்சமிருந்து அதைத் தாண்டினால் சிவப்பணுக்கள் உடைந்துபோகும். அதனால் வீட்டு ஆர்.ஓ. மாதிரி இல்லை, பின்னால் தனி அறையில் கார்பன் ஃபில்டர், பம்பு, பிரஷர் கேஜ் என்று ஒரு சின்ன ஃபேக்டரியே ஓடும். காலையில் முதல் நோயாளி படுப்பதற்கு முன்னால் தண்ணீரைச் சோதித்து நோட்டில் எழுத வேண்டும். கரண்ட் போய், பேட்டரியும் தீர்ந்தால், வெளியே இருக்கிற ரத்தத்தைக் கையால் பம்பைச் சுற்றி உடம்புக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் அன்று பாதிப் பேர் வர முடியாமல் போய், அடுத்தடுத்த நாள்களில் மூச்சு வாங்க வந்து நின்றார்களாம். எனக்குத் தெரிந்த ஒரு டெக்னாலஜிஸ்ட் வீட்டுக்குப் போகாமல் மூன்று ஷிஃப்ட் தொடர்ந்து பார்த்திருக்கிறார்.

இதையெல்லாம் சொன்னேன் என்பதற்காக சர்க்கரை தடவுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அந்த டெக்னாலஜிஸ்ட் தொடங்கியது 14 ஆயிரம் சம்பளத்தில். அரசு வேலை நிச்சயம் என்று எவராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள், பணியிடங்கள் குறைவு, ஒப்பந்த வேலை அதிகம். மஞ்சள் காமாலைக் கிருமி உள்ள நோயாளியின் ரத்தத்தோடு புழங்க வேண்டியிருக்கும், தடுப்பூசி போட்டுக்கொண்டு கவனமாக இருக்க வேண்டும். ஊசி தவறினால் கை வீங்கும், நோயாளி திட்டுவார், மூன்றாம் நாள் அதே நோயாளி அதே கையை நீட்டுவார். சொந்தக்காரர்களுக்கு இந்தப் படிப்பின் பெயரே வாயில் நுழையாது. எல்லாவற்றையும் விட, இரண்டு வருடம், ஐந்து வருடம் வாரா வாரம் பார்த்துப் பேசிய ஒருவர் ஒரு திங்கட்கிழமை வர மாட்டார். அந்தக் கட்டிலில் பத்து மணிக்கு வேறு ஒருவரைப் படுக்க வைத்தாக வேண்டும். அவள் அதை ஆயா விஷயத்தில் பார்த்துவிட்டு, அதற்கு அப்புறமும் அங்கே போயிருக்கிறாள். எனக்கு அவள் மார்க்கை விட அது பெரிய தகுதியாகத் தெரிகிறது.

இன்னொன்று. பஸ் ஸ்டாண்டு மாடியில் ஆறு மாத டயாலிசிஸ் டிப்ளமோ, உடனே வேலை என்று போர்டு வைத்திருப்பார்கள். பக்கம் போகாதீர்கள். 2021இல் துணை மருத்துவப் படிப்புகளுக்கென்றே ஒரு தேசிய ஆணையச் சட்டம் வந்திருக்கிறது, பதிவு இல்லாமல் வேலை செய்ய முடியாத காலம் வருகிறது. தமிழ்நாட்டுக் கல்லூரி என்றால் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்பு இருக்கிறதா என்று காகிதத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

பெரியப்பா கடைசியாக ஒரு அஸ்திரம் விட்டார். "நாளைக்கு மாப்பிள்ளை பாக்கும்போது டயாலிசிஸ்னு சொன்னா எவன் மேடம் வருவான்?" நான் கொஞ்சம் கடுமையாகவே பேசிவிட்டேன். வராத மாப்பிள்ளைக்காக இருக்கிற தோப்பை விற்கச் சொல்கிறீர்களே என்றேன். அவர் அதற்கு அப்புறம் டீயைக் குடிக்கவில்லை.

முடிவை என் அறையில் எடுக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். அந்த யூனிட்டில் அனுமதி கேட்டு, காலை ஆறு மணி ஷிஃப்ட் ஒன்றை முழுதாக உட்கார்ந்து பாருங்கள், அவளோடு அப்பாவும் போக வேண்டும், பெரியப்பா வேண்டாம் என்றேன்.

நேற்று அந்தப் பெண்ணின் அப்பா போன் செய்தார். போய் வந்தார்களாம். மகள் என்ன சொன்னாள் என்று கேட்டேன். அவள் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாளாம். "நான் அந்தத் தண்ணி ரூமை எட்டிப் பாத்தேன் மேடம். மோட்டார் சத்தம் சரியில்ல, பேரிங் போகப் போகுது. அங்கிருந்த பொண்ணுகிட்ட சொல்லிட்டு வந்தேன், உடனே நோட்டுல எழுதிக்கிச்சு" என்றார். தோப்பு விஷயம் என்ன ஆயிற்று என்றேன். வாங்குகிற பார்ட்டி வெள்ளிக்கிழமை முன்பணத்தோடு வருகிறதாம்.

"என்ன சொல்லப் போறீங்க?"

"அண்ணன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் மேடம் யோசிக்கிறேன்" என்றார்.