தோட்டக் கேள்வி - பதில்: வசந்த கால நடவு

தக்காளி விதை ஆறாம் நாளே முளைத்தது. தளதளவென்று நின்ற நாற்றுகள் ஒரே இரவில் சாய்ந்துவிட்டன. காலை, மாலை இரு வேளையும் தண்ணீர் தெளித்துத்தான் வந்தேன். என்ன ஆயிற்று?

அந்த இரு வேளைத் தண்ணீர்தான் வினை. இதற்கு நாற்றழுகல் என்று பெயர். பித்தியம், ரைசோக்டோனியா போன்ற மண்ணில் வாழும் கிருமிகளால் வருவது. ஈரம் காயாத மண், நெருக்கமான விதைப்பு, காற்றோட்டமில்லாத மூலை, இந்த மூன்றும் கூடினால் அவற்றுக்குக் கொண்டாட்டம்.

நான் தோட்டம் போட்ட முதல் வருடம் ஒரு தட்டு மிளகாய் நாற்று முழுவதும் இப்படிப் போனது. வெயிலில் வாடியது என்று நினைத்து இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினேன். மறுநாள் ஒரு நாற்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. மேலே இலை பச்சையாகவே இருந்தது. மண்ணைத் தொடும் இடத்தில் மட்டும் தண்டு நூல் மாதிரி சுருங்கி, பழுப்பேறி, தொட்டால் வழவழத்தது. உங்கள் நாற்றையும் அந்த இடத்தில் பாருங்கள்.

சாய்ந்தது பிழைக்காது. மண்ணோடு அள்ளி அப்புறப்படுத்துங்கள். அந்த மண்ணில் மறுபடி விதைக்க வேண்டாம். குழித்தட்டைச் சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் காய வையுங்கள். புதிய கலவையில், குழிக்கு ஒரு விதை, அரை சென்டிமீட்டர் ஆழம் போதும். தண்ணீரை மேலிருந்து தெளிக்காமல், தட்டைத் தண்ணீரில் இருபது நிமிடம் வைத்து, அடியிலிருந்து உறிஞ்சவிட்டு எடுத்துவிடுங்கள். மேல்மண் நிறம் வெளுத்த பிறகே அடுத்த தண்ணீர். இரண்டு வாரம்தான் போயிருக்கிறது. இன்னும் காலம் இருக்கிறது, தைரியமாக மறுபடி விதையுங்கள்.

என் நாற்றுகள் ஒல்லியாக, நெடுநெடுவென்று வளர்ந்து நிற்கின்றன. நடலாமா, எறிந்துவிடலாமா?

எறியாதீர்கள்! வெளிச்சம் போதாமல் ஜன்னலைத் தேடி ஓடிய நாற்றுகள் அவை. தக்காளியானால் கவலையே இல்லை. கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, மேலே நான்கைந்து இலை மட்டும் தெரியும்படி ஆழமாக நடுங்கள். புதைந்த தண்டு முழுக்க வேர் விடும். வெள்ளரி, பூசணி நாற்றுக்கு இந்த வைத்தியம் செய்யக் கூடாது. இருந்த ஆழத்திலேயே நட வேண்டும்.

ஆனால் நேராகக் கொண்டுபோய் வெயிலில் நடாதீர்கள். முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெயிலும் காற்றும் காட்டி, ஏழு முதல் பத்து நாள் பழக்குங்கள். மண்ணும் தயாராக வேண்டும். காலையில் பத்து சென்டிமீட்டர் ஆழத்தில் வெப்பமானியைச் செருகினால் 15 டிகிரி செல்சியஸாவது காட்ட வேண்டும். பகல் வெயிலைப் பார்த்து ஏமாந்து குளிர்ந்த மண்ணில் நட்டால், செடி சாகாது, வளரவும் வளராது. ஒரு வாரம் பொறுத்து நட்ட செடி அதை எட்டிப் பிடித்துவிடுவதை என் பாத்தியிலேயே பார்த்திருக்கிறேன். மாலையில் நடுங்கள்.

பூசணியில் பூவாகப் பூத்துக் கொட்டுகிறது. ஒரு பிஞ்சு கூட இல்லை. உரம் போதவில்லையா?

உரத்தைத் தொடாதீர்கள். தழைச்சத்து கூடினால் கொடிதான் ஓடும். முதலில் வருபவை பெரும்பாலும் ஆண் பூக்கள், அவை உதிரத்தான் செய்யும். பூவுக்குக் கீழே குட்டிப் பிஞ்சு போல உருண்டு இருந்தால் அது பெண் பூ. அதுவும் உதிர்ந்தால் தேனீ வரவில்லை என்று அர்த்தம். விடிந்ததும், பூ விரிந்திருக்கும்போதே, ஆண் பூ ஒன்றைப் பறித்து, இதழ்களை உரித்து, மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் தடவிவிடுங்கள். வெயில் ஏறினால் பூ மூடிக்கொள்ளும்.

செடியின் சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சிக்கு வேப்பெண்ணெய் தெளிக்கலாமா?

லிட்டருக்கு ஐந்து மில்லி, சில சொட்டுச் சோப்புக் கரைசலோடு, மாலையில், இலையின் அடிப்புறம் நனையும்படி தெளியுங்கள். பொறிவண்டின் புழுக்கள் தென்பட்டால் தெளிக்கவே வேண்டாம். கறுப்பில் ஆரஞ்சுப் புள்ளியோடு, சின்ன முதலை போல ஊர்ந்து போகும். பூச்சி என்று நினைத்துப் பலரும் நசுக்கிவிடுகிறார்கள். அசுவினியைத் தின்று தீர்ப்பதே அவைதான்.

தக்காளிப் பழத்தின் அடி கறுத்துக் குழிகிறது. சுண்ணாம்புச் சத்துக் குறை என்று முட்டை ஓடு போட்டேன், பலனில்லை.

குறை சுண்ணாம்புச் சத்துதான், ஆனால் பெரும்பாலும் அது மண்ணில் இருக்கவே செய்யும். தண்ணீரோடு சேர்ந்துதான் பழத்துக்குப் போய்ச் சேரும். நான்கு நாள் காயவிட்டு ஐந்தாம் நாள் வெள்ளமாக ஊற்றினால் வழியில் தடைபடும். முட்டை ஓடு மண்ணில் கரைய மாதக்கணக்கில் ஆகும், இந்தப் பருவத்துக்கு உதவாது. கறுத்த பழங்களைப் பறித்துவிடுங்கள். விரலை மண்ணுக்குள் இரண்டு கணு விட்டுப் பாருங்கள்; ஈரம் தட்டாவிட்டால் வேர் வரை நனைய ஊற்றுங்கள். பிறகு காய்ந்த இலையை ஐந்து சென்டிமீட்டர் கனத்துக்கு மூடாக்காகப் பரப்புங்கள். தண்டைச் சுற்றி நான்கு விரல் இடம் விட மறக்காதீர்கள்.